அனுமதிக்கப்பட்ட எதிர்ப்பு

கிருபாகரனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, நல்லிணக்க நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் கஜபதி, பணி நியமன ஆணை ஒன்றோடு ரேணுகாவின் வீட்டுக்கு வந்தார். ஆணை பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. 'கருணை அடிப்படையில்' என்று மேலே சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்கள்.

கணவனை இழந்தவளுக்கு யாராவது வேலை கொடுக்க வந்தால் நன்றி சொல்ல வேண்டும் என்பது ரேணுகாவுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. கிருபாகரனோ வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடமாகிவிட்டது. எந்த வேலை காலியாயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை.

"எங்க ஃபேக்டரில ஒருத்தர் சர்வீஸ்ல இருக்கும்போதே இறந்துட்டா வாரிசுக்கு வேலை குடுக்கறது வழக்கம், சிஸ்டர்," என்றார் கஜபதி, சோபாவின் நுனியில் உட்கார்ந்து. "கிருபா சார் நம்ம சங்கத்துல எதிர்த்துப் பேசற சர்வீஸ்ல இருக்கும்போதே போயிட்டார். அந்த இடம் காலியா கெடக்கு."

இங்கே சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அயப்பாக்கத்தில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் அது. பாதிப் பேர் ஆவடிப் பக்கத்துப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து, ஓய்வு பெறாமலேயே களைத்துப் போனவர்கள். கஜபதி முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். 'விபத்தில்லா நாட்கள்' என்று தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை இருக்குமே, தினமும் காலையில் எண்ணை மாற்றுவார்களே, அந்தப் பலகைக்கு அவர்தான் பொறுப்பு. ஓய்வு பெற்று வரும்போது எல்லோரும் கைக்கடிகாரமும் குத்துவிளக்கும் கொண்டு வந்தார்கள். கஜபதி அந்தப் பலகையின் யோசனையைக் கொண்டு வந்தார். நல்லிணக்க நகரின் முன்வாசலில் ஒரு கரும்பலகை எழுந்தது: 'எதிர்ப்பில்லா நாட்கள்'. தினமும் குளித்துத் திருநீறு பூசியதும் கஜபதி ஈரக்கையோடு வந்து சாக்கட்டியால் ஒன்றைக் கூட்டுவார். கிருபாகரன் இறந்த அன்று அது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்காக இருந்தது. அன்றும் ஒன்று கூடியது.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கிருபாகரன் அந்த நாட்கள் முழுக்க எதிர்த்துக்கொண்டுதான் இருந்தார். அதே தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்தவர் அவர். தேறாத உருப்படியின் மேல் 'தள்ளுபடி' என்று முத்திரை குத்துவதற்காகவே முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கியவர். மாதக் கூட்டத்தில் எழுந்து, "எனக்குச் சம்மதமில்லை" என்று ஆரம்பித்துக் காரணத்தையும் சொல்லிவிட்டு உட்காருவார். கஜபதி அதைக் குறிப்பேட்டில் எழுதுவார்: 'திரு. கிருபாகரன் விவாதத்தில் உற்சாகமாகப் பங்கேற்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.'

மார்ச் மாதக் கூட்டத்தில் பின்வாசல் கேட்டைப் பூட்டுவது என்று தீர்மானம் வந்தது. சாவி செயலாளரிடம் மட்டும் இருக்கும். கிருபாகரன் எழுந்தார். முன்பக்கம் சாலையைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தால் எப்படி உள்ளே வரும் என்று கேட்டார். உற்சாகமாகப் பங்கேற்றதாக எழுதப்பட்டது. கேட் பூட்டப்பட்டது.

ஏப்ரலில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குக் கிருபாகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் எட்டே நிமிடத்தில் பின்வாசலுக்கு வந்துவிட்டது. சாவி கஜபதியின் சட்டைப்பையில் இருந்தது. சட்டைப்பை பூந்தமல்லியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தது. வாட்ச்மேன் துலுக்கானம் பூட்டைக் கல்லால் அடித்தான். சங்கத்தில் பூட்டை மட்டும் தரமானதாக வாங்கியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரை முன்பக்கப் பள்ளத்தைச் சுற்றித் தூக்கி வந்தார்கள். அது வீட்டுக்கு வந்து சேர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று.

கிருபாகரனின் மறைவுக்கு இரங்கல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதை மட்டும் எதிர்க்க அவர் இல்லை.

"போஸ்ட்டோட பேரு மாற்றுக் கருத்து உறுப்பினர்," என்றார் கஜபதி. "நம்ம சங்கம் 'முன்மாதிரி ஜனநாயகக் குடியிருப்பு' விருதுக்கு அப்ளை பண்ணியிருக்கு. ஃபார்ம்ல பதினாலாவது கேள்வி: மாறுபட்ட கருத்துகளுக்கு இடம் உண்டா, ஆதாரம் இணைக்கவும். கிருபா சார் இருந்திருந்தா அவரையே இணைச்சிருப்போம். உங்களுக்கு மாசம் ஒரு எதிர்ப்பு. மூணு நாள் முன்னாடி ஏழாம் நம்பர் படிவத்துல எழுதிக் குடுத்துட்டா, கமிட்டி பாத்து அப்ரூவ் பண்ணும். தொண்ணூறு செகண்ட் டைம். 'இல்லை', 'கூடாது'ன்னு ஆரம்பிக்கக் கூடாது. முடிக்கும்போது, 'இருப்பினும் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்'."

"அப்போ அந்தப் பலகை? நம்பர் பழையபடி சைபருக்கு வந்துடாதா?"

கஜபதி அன்போடு சிரித்தார். "ஃபேக்டரில தீயணைப்பு ஒத்திகை நடத்துவோம், சிஸ்டர். புகை வரும், சைரன் அடிக்கும், நாலு பேர் ஸ்ட்ரெச்சர்ல படுத்துப்பாங்க. அதைப் போய் விபத்துன்னு எழுதுவோமா?"

ஸ்ட்ரெச்சர் என்ற சொல் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. கஜபதி அதைக் கவனிக்கவில்லை. ரேணுகா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் சார்," என்றாள். "மார்ச் மாச மினிட்ஸ்ல, அவர் கேட்டைப் பூட்ட வேணாம்னு சொன்னதை எழுதணும். ஒரு வரி போதும்."

அவளுக்கு வேறு கோபம் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. இருபத்திரண்டு நிமிடத்தை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் இப்போது இருக்கிற காகிதத்தின்படி, அந்தப் பூட்டு கிருபாகரனின் சம்மதத்தோடு போடப்பட்டது. அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

"போஸ்ட்டை ஏத்துக்கோங்க. அப்புறம் ப்ராப்பர் சேனல்ல மூவ் பண்ணலாம்," என்றார் கஜபதி. ரேணுகா கையெழுத்துப் போட்டாள்.

முதல் கூட்டத்தில் அவளுடைய எதிர்ப்பைக் கமிட்டியே தயாரித்துக் கொடுத்தது. முன்வாசலில் செம்பருத்தி வைப்பதாகத் தீர்மானம். அவள் இட்லிப்பூ வைக்கலாமே என்று மாறுபட வேண்டும். தாளைப் பார்த்துப் படித்தாள். அறுபது விநாடியில் முடிந்துவிட்டது. மீதி முப்பது விநாடியும் எல்லோரும் கை தட்டினார்கள். 'ஜனநாயகம் பூத்துக் குலுங்கும் நேரம்' என்ற வாசகத்தோடு அவள் படம் வாட்ஸப் குழுவில் வந்தது. செம்பருத்தி ஏகமனதாக வைக்கப்பட்டது.

இரண்டாவது கூட்டத்துக்குள் சங்கம் கணினி மயமானது. இரண்டாம் மாடி ஸ்ரீராம் எஸ்டேட்டில் மென்பொருள் வேலையில் இருப்பவன். ஓட்டுப் போட ஒரு செயலி செய்து கொடுத்தான். அதில் மூன்று பொத்தான்கள்: ஏற்கிறேன், மிகவும் ஏற்கிறேன், நேரமின்மையால் பின்னர் ஏற்கிறேன்.

"இது எதுவும் வேணாம்னா எதை அமுக்கணும் தம்பி?" என்று கேட்டாள் ரேணுகா.

"அது ரெக்வயர்மென்ட்லயே இல்ல ஆன்ட்டி," என்றான் ஸ்ரீராம். பாவம், உண்மையாகவே வருத்தப்பட்டான். "ஃபோனை ஆஃப் பண்ணலாம். ஆனா ஆஃப் பண்ணா ஏற்கிறேன்னுதான் போகும்."

குறிப்பேட்டுத் திருத்தத்துக்கு அவள் கொடுத்த மனு மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, சம்பந்தப்பட்ட உறுப்பினர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றது குறிப்பு. அவர் இறந்துவிட்டார் என்று இரங்கல் தீர்மானத்தின் நகலை இணைத்தாள். அடுத்த முறை, இறந்தவர்கள் உறுப்பினர் அல்லர், ஆகவே உறுப்பினரல்லாதவர் எதிர்த்ததைக் குறிப்பேட்டில் ஏற்ற முடியாது என்று வந்தது. மூன்றாம் முறை, சாட்சி கேட்டார்கள். அன்று கூட்டத்தில் டீ கொடுத்தது துலுக்கானம். அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான்தான் சார் டீ குடுத்துகினு இருந்தேன்," என்றான் துலுக்கானம். "சாரு எய்ந்து நின்னு, 'பூட்டாதீங்கய்யா, ஆம்புலன்ஸ் எப்டி வரும்'னு கேட்டாரு. இந்த ரெண்டு காதால கேட்டேன். நீங்ககூட சக்கரை கம்மியா கீதுன்னு சொன்னீங்களே."

கஜபதி குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். "சக்கரை விஷயம் உண்மை," என்றார். "ஆனா துலுக்கானம், உனக்குக் காது இருக்கு, ஓட்டு இல்லையேப்பா. ஓட்டு இல்லாத காது கேட்டதை எப்படி ரெக்கார்டு பண்றது?"

வெளியே வந்ததும் துலுக்கானம் பீடியை எடுத்து, பற்ற வைக்காமலே கையில் வைத்திருந்தான். "இன்னாம்மா இது, நான் கேட்டது நெஜம்னு அவுருக்கும் தெர்து. அப்பால இன்னா ரோதனை?"

"தெரிஞ்சதுதான் ரோதனை," என்றாள் ரேணுகா.

ஆகஸ்டில் பெரிய தீர்மானம் வந்தது. பூட்டிய கேட் துருப்பிடித்து அசிங்கமாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நிரந்தரமாக ஒரு சுவர் எழுப்பலாம். சுவரில் சலவைக்கல் பதித்து, 'கிருபாகரன் நினைவுச் சுவர்' என்று பெயர் பொறிக்கலாம். விருதுக்கான நடுவர் வருகிற அன்றே அதை நிறைவேற்றலாம். பொது இடத்தில் கட்டடம் எழுப்ப நாற்பத்தெட்டு உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும் என்று விதி இருந்தது. ரேணுகாவுக்கு ஒதுக்கிய எதிர்ப்பு, சுவருக்குச் சந்தன நிறத்துக்குப் பதில் வெளிர்நீலம் பூசலாமே என்பது.

அவள் ஏழாம் நம்பர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அடுப்படியில் நின்றாள். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

அவள் படிவத்தை எழுதித் தரவில்லை என்று தெரிந்ததும், அன்று மாலையிலிருந்து ஆட்கள் அவள் வீட்டுக்கு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள், மாடியில் துணி எடுக்கப் போகிறவர்கள் மாதிரி. கீழ் வீட்டுச் சுலைமானின் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். "இப்பவாவது செயலாளர்கிட்ட கெஞ்சி சாவி வாங்கிக்கறேன். சுவர் வந்துட்டா அம்மாவை எப்பவும் முன்னாடி சுத்தித்தான் தூக்கிக்கிட்டுப் போகணும் அக்கா. நீங்க சொல்லுங்க, நான் பின்னாடி இருக்கேன்." ஸ்ரீராம் வந்தான். அவன் மனைவி ரோஷினிக்கு இது ஒன்பதாம் மாதம். "உங்க பாயின்ட் நூறு பர்சென்ட் கரெக்ட் ஆன்ட்டி. நான் பேசினா, செயலி செஞ்சவனே எதிர்க்கறான்னு ஆயிடும். ஆனா உங்க பின்னாடிதான் இருக்கேன்." இப்படிப் பதினொரு பேர் வந்து போனார்கள். ரேணுகா அவர்களுக்கெல்லாம் காபி போட்டாள். பதினொரு பேர் பின்னால் நிற்கிற ஒருத்திக்கு முன்னால் யாருமே இல்லை என்பதை டபராக்களைக் கழுவும்போது நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது ஆளாகக் கஜபதி வந்தார். அவர் பின்னால் நிற்க வரவில்லை.

"உங்க மனுவை கமிட்டி அனுதாபத்தோட பரிசீலிச்சிருக்கு, சிஸ்டர். கூட்டுத் தீர்மானமா கொண்டு வரோம். முதல் பகுதி: மார்ச் மினிட்ஸ் திருத்தம், கிருபா சார் எதிர்த்தார்னு. ரெண்டாவது பகுதி: சுவர். ஒரே கையெழுத்து. உங்களுக்கு வரி, எங்களுக்குச் சுவர்."

"வரியை மட்டும் தனியா போட முடியாதா?"

"ரெண்டும் சேர்ந்துதான் ஏகமனது."

நான்கு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த வரி. அதன் தட்டச்சுப் பிரதியை அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். 'திரு. கிருபாகரன் பின்வாசலைப் பூட்டுவதை எதிர்த்தார்.' எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அவள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு மடித்துப் பருப்பு டப்பாவின் அடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். விருதுக் குழுவின் நடுவர் அழகேசன் கழுத்தில் பொன்னாடையும் கையில் மதிப்பெண் அட்டையுமாக முன்வரிசையில் இருந்தார். கஜபதி வரவேற்றார்.

"இந்தக் குடியிருப்புல ஆறு வருஷத்துக்கு மேல ஒரு எதிர்ப்புகூட இல்லைங்கறதைப் பெருமையோட சொல்லிக்கறேன். அதே சமயம் எதிர்ப்புக்கு நாங்க தர்ற மரியாதை வேற எங்கயும் கிடைக்காது. அதுக்குன்னு ஒரு பதவி, ஒரு படிவம், ஒரு மைக். எதிர்க்கறவங்க என்ன பேசணும்ங்கற சிரமத்தைக்கூட நாங்க அவங்களுக்கு வைக்கறதில்லை!"

அழகேசன் தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார். ரேணுகாவை அழைத்தார்கள். கையில் ஏழாம் நம்பர் படிவம் இருந்தது. அதை மைக் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்குச் சம்மதமில்லை," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீலம் பூசறதா, சந்தனம் பூசறதான்னு எனக்குக் கவலையில்லை. சுவர் வேண்டாம். கேட்டைத் திறக்கணும்."

"அருமை," என்று அழகேசன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "எவ்வளவு தத்ரூபமா பண்றாங்க பாருங்க."

"சிஸ்டர், அப்ரூவ் பண்ணாத பாயின்ட்," என்று கஜபதி கிசுகிசுத்தார். மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். உங்க ஃபேக்டரில அவசர வழியை யாராவது பூட்டி வெச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

முப்பத்தொரு வருடப் பழக்கம் கஜபதியை முந்திக்கொண்டது. "ஸ்பாட்ல சஸ்பென்ஷன்!" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. "அது வந்து, அது ஃபேக்டரி சிஸ்டர். அங்க ஒரு உயிருக்கு ஏதாவது ஆச்சுன்னா என்கொயரி வரும். இங்க யாரு கேக்கப் போறா?"

சிலர் கைப்பேசியைப் பார்த்தார்கள். ஸ்ரீராம் தன் செயலியைத் திறந்து, மூன்று பொத்தான்களையும் பார்த்து, மூடி வைத்தான்.

"நான் கேக்கறேன்," என்று எழுந்தான். "சார், ரோஷினிக்கு அடுத்த வாரம் டேட். எனக்கும் சம்மதமில்லை."

சுலைமான் எழுந்தார். அவருக்குப் பின்னால் மூன்றாம் மாடி ஓய்வூதியக்காரர் ஒருவர் எழுந்து, எதற்கு எழுந்தோம் என்பதுபோல் சுற்றிப் பார்த்தார். ஆனால் உட்காரவில்லை. பின்னால் இருந்த பதினொரு பேரில் மூன்று பேர் முன்னால் வந்தாயிற்று. மற்றவர்களுக்குச் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது.

கஜபதி ரேணுகாவின் அருகில் வந்து மைக்கைக் கையால் மூடினார். முதல் முறையாக அவர் குரலில் செயலாளர் இல்லை. "யோசிச்சுக்கோங்க சிஸ்டர். கூட்டுத் தீர்மானம் விழுந்தா முதல் பகுதியும் சேர்ந்து விழும். கிருபா சார் சொன்னது எந்த ரெக்கார்டுலயும் எப்பவும் ஏறாது. ஒரே கையெழுத்துதான்."

பேனாவை நீட்டினார். நல்ல பேனா, ஓய்வு பெற்றபோது கொடுத்தது. ரேணுகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வரியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். அதில் கையெழுத்துப் போட்டால், கிருபாகரன் எதிர்த்தார் என்பது நிலைத்துவிடும், அவர் எதிர்த்தது சுவராக நிற்கும்.

"விழட்டும் சார்," என்றாள்.

தீர்மானம் விழுந்தது. அழகேசன் எழுந்து கை தட்டினார். தான் பார்த்த ஒத்திகைகளிலேயே இதுதான் சிறந்தது என்று பேசி, நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு, பஜ்ஜி சாப்பிட்டுப் போனார். விருது அடுத்த வாரமே வந்தது. தீர்மானமே இல்லாத இடத்தில் எதிர்ப்பு எப்படி இருக்க முடியும் என்று கஜபதி ஒரு விளக்கக் குறிப்பு எழுதி, மறுநாள் காலை பலகையில் வழக்கம்போல் ஒன்றைக் கூட்டினார். ரேணுகாவுக்கு, அனுமதித்த அளவுக்கு மேல் எதிர்த்தது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. பின்வாசல் சாவியை மட்டும் கஜபதி ஒருவரிடமும் சொல்லாமல் துலுக்கானத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை.

கூட்டம் கலைந்த அந்த மதியத்திலேயே இன்னொன்றும் நடந்தது. ரேணுகா மாடி ஏறும்போது முதல் திருப்பத்தில் ரோஷினி உட்கார்ந்திருந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஆன்ட்டி, நான் ஒரு மீட்டிங்குக்கும் வந்ததில்ல. மார்ச்ல அங்கிள் அப்படி என்னதான் சொன்னாரு?"

ரேணுகாவுக்கு முழங்கால் வலித்தது. ரோஷினிக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள். எழுதப்படாதது என்பதால் அதில் ஒரு சொல்கூட மறந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ், தோண்டிய சாலை, வயதானவர்கள் எண்ணிக்கை, எல்லாம் சொன்னாள். "கடைசில, அந்த கேட்டுக்குப் பூட்டே வேணாம், ராத்திரி பகல் எப்பவும் திறந்தே கிடக்கட்டும், நாம என்ன ஜெயில்லயா இருக்கோம்னு கேட்டார்."

ரோஷினி முகத்தைச் சுளித்தாள். "அது தப்பு ஆன்ட்டி."

"எது?"

"எப்பவும் திறந்து போடறது. பூட்டு போடறதுக்கு முன்னாடி, நான் செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது பின்னாடி லைட்டே எரியாது. குடிச்சிட்டு யாராவது உள்ள வந்து உக்காந்திருப்பான். பயந்துக்கிட்டேதான் படியேறுவேன். சாவி ஈஸியா கிடைக்கணும், சரி. பூட்டே வேணாம்னா எப்படி? அங்கிளுக்கு அந்தப் பயம் தெரியல. நான் ஒத்துக்க மாட்டேன்."

கிருபாகரன் போனதிலிருந்து எல்லோரும் அவரை நல்லவர், தங்கமானவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, தப்பு என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவர் இருந்திருந்தா உன்கூட ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பார்," என்றாள். "அவர் பக்கம் நான் பேசறேன். நீ சொல்லு. லைட்டைப் போட்டுட்டா அப்புறம் பூட்டு எதுக்கு?"